அறிக்கையின் முன்பக்கத்தில் இருக்கும் பெயர்கள்

போன மாதம் மூன்று நாள் சாயங்காலம், குமரி மாவட்டத்துச் சின்னத்துறையில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒக்கிப் புயல் பற்றிய நாடாளுமன்றக் குழு அறிக்கையை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தியிலும் உண்டு, தமிழில் கிடையாது. அதனால் நான் ஒரு பத்தியைப் படித்து, தமிழில் சொல்லி, மாமா நடுவில் கையை உயர்த்தி நிறுத்தி, "அது அப்படி இல்ல மக்கா" என்று ஒரு கதை சொல்லி, அப்புறம் அடுத்த பத்தி. இப்படித்தான் போனது. உள்துறைக்கான நிலைக்குழுவின் 211ஆவது அறிக்கை அது. ப. சிதம்பரம் குழுத் தலைவராக இருந்தபோது, 2018 ஏப்ரல் 4 அன்று வந்தது.

மாமா இருபது வருடத்துக்கு மேல் தங்கல் தொழிலுக்குப் போனவர். தூத்தூர் பக்கத்து ஊர்களில் இது சாதாரணம். ஒரு தடவை படகேறினால் முப்பது நாள், நாற்பது நாள் கழித்துத்தான் கரை. 2017 நவம்பர் கடைசியில் அவர் கரையில் இருந்தார், முதுகுவலி காரணமாக. அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் கடலில் இருந்தார்கள், திரும்பி வரவில்லை. நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குப் பக்கத்தில் வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி முற்பகலில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. எச்சரிக்கை என்று ஒன்று வந்து சேர்வதற்கு, அதைக் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். அவர்கள் இல்லை.

அவர் அறிக்கை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் முடிவில் கேட்டது ஒரே கேள்விதான். "இத எழுதினது ஆரு? சிதம்பரமா இருந்து எழுதினாரு?"

நான் முன்பக்கங்களுக்குத் திருப்பினேன். நாடாளுமன்றக் குழு அறிக்கை எதை எடுத்தாலும் ஆரம்பத்தில் குழுவின் அமைப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். தலைவர் பெயர், உறுப்பினர்கள் பெயர். அதற்குக் கீழே செயலகம் என்று ஒரு சின்னத் தலைப்பு, அதன்கீழ் கொஞ்சம் அதிகாரிகளின் பெயர். யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் டெல்லிக்குப் போவதற்கு முன் படித்ததில்லை. இவர்கள்தான் எழுதுவது என்று காட்டினேன். மாமா அந்தப் பெயர்களை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இவ்வளவு பேர்தானா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்குத் திண்ணையில் வைத்து அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு வருடம் டெல்லியில் ஒரு எம்.பி.யிடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு 2010இலிருந்து நடத்தும் லாம்ப் ஃபெலோஷிப் வழியாகப் போனது. படித்து முடித்த இளைஞர்களை எம்.பி.க்களோடு சேர்த்துவிடுவார்கள், கேள்வி தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது போன்ற வேலை. எம்.பி. யார், எந்தக் கட்சி, எந்தக் குழு என்பதை எழுதப் போவதில்லை. அது தேவையும் இல்லை, ஏனென்றால் எந்தக் குழுவில் போய்ப் பார்த்தாலும் நான் சொல்லப் போகிற கதை கிட்டத்தட்ட இதேதான்.

நம் ஊரில் நாடாளுமன்றம் என்றால் டிவியில் கூச்சல் போடும் அவைதான் எல்லோருக்கும் தெரியும். வேலையில் பெரும்பகுதி நடப்பது பார்லிமென்ட் அனெக்ஸ் கட்டடத்தின் குழு அறைகளில். 1989இல் மூன்று துறைகளுக்குச் சோதனையாக ஆரம்பித்தார்கள், 1993இல் 17 துறைசார் நிலைக்குழுக்களாக விரித்தார்கள், 2004இல் அது 24 ஆனது. ஒரு குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. 24இல் 16 குழுக்களை மக்களவைச் செயலகமும் 8 குழுக்களை மாநிலங்களவைச் செயலகமும் கவனிக்கின்றன. ஒக்கி அறிக்கையைத் தயாரித்த உள்துறைக் குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் வருவது. குழுவின் ஆயுள் ஒரு வருடம்தான். ஒவ்வொரு வருடமும் திரும்ப அமைப்பார்கள். ஒரு விஷயத்தை ஒரு எம்.பி. கற்றுத் தேறும் நேரத்தில் அவர் வேறு குழுவுக்குப் போயிருப்பார். ஆக, போன வருடம் என்ன கேட்டோம், துறை என்ன வாக்குக் கொடுத்தது என்று ஞாபகம் வைத்திருப்பது யார்? செயலகத்து ஆட்கள்தான். அவர்களுக்கும் இடமாற்றம் உண்டு. ரயில்வே குழுவில் நாலு வருடம் இருந்தவர் ஒருநாள் பாதுகாப்புத் துறைக்கோ ரசாயன உரத்துக்கோ வந்து உட்கார வேண்டியிருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், குழு முதலில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும். செயலகம் அந்தத் துறையிடம் பின்னணிக் குறிப்பு கேட்டு எழுதும். குறிப்பு வந்ததும் அதைப் படித்து வினாப்பட்டியல் தயாரித்து அனுப்பும். பதில் வந்ததும் அதை உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடும். அப்புறம் துறைச் செயலரையும் அதிகாரிகளையும் வாய்மொழி சாட்சியத்துக்கு அழைப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. மக்களவைக் குழு என்றால் தொடக்கத்திலேயே தலைவர், சபாநாயகரின் 58ஆவது வழிகாட்டுதலைச் சாட்சிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்: நீங்கள் சொல்வது வெளியிடப்படலாம், ரகசியமாக வைக்கச் சொன்னாலும் எம்.பி.க்களுக்குக் காட்டப்படலாம் என்று. பேசுவது முழுக்க, ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் பதிவாகும். அங்கே பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்குத் துறை பிறகு எழுத்தில் பதில் தர வேண்டும், அதற்கு இன்னொரு பட்டியல். இதெல்லாம் கைக்கு வந்தபின் வரைவு அறிக்கை. குழு அதைப் பத்தி பத்தியாகப் பார்த்து ஏற்கும். கூட்டக் குறிப்புகளில் ஒரு வரி வழக்கமாக வரும், துறையிடம் உண்மை விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டு அறிக்கையை இறுதி செய்யத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது என்று. அந்தச் சரிபார்ப்பையும் செயலகம்தான் செய்யும்.

நான் மேலே சொன்னதில் எம்.பி.க்கள் செய்வது மூன்றே இடத்தில்தான், பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் சாட்சியத்தின்போதும் வரைவை ஏற்கும்போதும். மீதி எல்லாமே அந்தச் சின்னத் தலைப்புக்குக் கீழே இருக்கிற பெயர்கள். எம்.பி.க்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நான் வேலை செய்த எம்.பி. கூட்டத்துக்குத் தவறாமல் போவார். போகும் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்களா என்றால், படிப்பதற்கு எப்போது கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மறக்க முடியாத ஒரு இரவு உண்டு. மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். துறையின் பதில்கள் முந்தின நாள் மாலை ஆறரைக்கு மேல்தான் வந்து சேர்ந்தன. 380 பக்கம். துறை செயலகத்துக்கே அன்று மதியம்தான் கொடுத்திருந்தது, செயலகம் அதை உடனே பிரதி எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருந்தது. எம்.பி. தொகுதியிலிருந்து விமானம் பிடித்து வர ராத்திரி பத்தரை ஆகும். அதற்குள் நான் படித்து, கேட்கத் தக்க ஐந்தாறு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது இணைப்பில் நாடு முழுக்க மீன்பிடித் துறைமுகப் பணிகளின் அட்டவணை. அதில் எங்கள் மாவட்டத்துத் துறைமுகம் ஒன்றின் பெயருக்கு நேராக "பணி முடிந்தது" என்று இருந்தது. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் இரண்டு மாதம் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது, அந்த முகத்துவாரத்தில் மணல் அடைத்து, உள்ளே வர முயன்ற வள்ளம் ஒன்று கவிழ்ந்து, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை நேரில் பார்த்தவள் நான்.

மாமாவுக்கு போன் போட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, குழுத் தாள்களில் இருப்பதை வெளியே பேசக் கூடாது. சும்மா ஊர் விஷயம் கேட்பதுபோல, இப்போ துறைமுக வாய் எப்படி இருக்கு மாமா என்றேன். "மணலு கெடக்கு மக்கா, அலை மடக்குனா அடி தட்டும்" என்றார். எம்.பி. வந்ததும் அந்த ஒரு கேள்வியை முதலில் வைத்தேன்: கட்டி முடித்தது சரி, முகத்துவாரத்தைத் தூர்வாரிப் பராமரிப்பது யார், அதற்கு எந்தத் தலைப்பில் பணம்?

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கூட்ட அறைக்குள் எம்.பி.யின் உதவியாளருக்கு இடம் கிடையாது. மாதங்கள் கழித்து அறிக்கை வந்தபோது, துறைமுகங்களின் பராமரிப்பைப் பற்றியும் முகத்துவாரங்களைப் பற்றியும் இரண்டு வரியில் ஒரு பரிந்துரை இருந்தது. அந்த இரண்டு வரிக்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதிக் காட்ட முடியாது. ஆனால் அதே நேரம் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த 380 பக்கத்தைப் படித்தவள் குளச்சல்காரி என்பதால் அந்த வரி கண்ணில் பட்டது. அட்டவணையில் இருந்த மற்றத் துறைமுகங்களுக்கு யார் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள்?

இங்கேதான் என்னுடைய முக்கியமான வாதம் இருக்கிறது. குழுவின் கையில் இருக்கும் தகவலில் மிகப் பெரும்பகுதி, யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அந்தத் துறையே எழுதிக் கொடுத்தது. பின்னணிக் குறிப்பு துறையினுடையது, பதில் துறையினுடையது, புள்ளிவிவரம் துறையினுடையது, கடைசியில் உண்மை சரிபார்ப்பும் துறையிடம்தான். அந்தத் தாளுக்கு எதிராக இன்னொரு தாளை வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல தலைவர் இருந்தாலும், எவ்வளவு கூர்மையான எம்.பி. இருந்தாலும், குழு துறையின் குரலையே கொஞ்சம் கண்டிப்பான தொனியில் திருப்பிச் சொல்லும்.

நேரத்தைப் பாருங்கள். பட்ஜெட் பிப்ரவரி 1ஆம் தேதி வருகிறது. அதன்பின் அவைகளுக்கு இடைவேளை விட்டு, ஒவ்வொரு துறையும் கேட்கும் செலவுத் தொகையான மானியக் கோரிக்கைகளைக் குழுக்களுக்கு அனுப்புவார்கள். மார்ச்சில் அவை கூடும்போது அறிக்கை தயாராக இருக்க வேண்டும். நம் மீன்வளத் துறை எந்தக் குழுவின் கீழ் வருகிறது தெரியுமா? வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, உணவு பதப்படுத்துதல் குழு. அந்த ஒரே குழு வேளாண்மை, வேளாண் ஆராய்ச்சி, மீன்வளம், கால்நடை மற்றும் பால்வளம், உணவு பதப்படுத்துதல், கூட்டுறவு என்று ஆறு மானியக் கோரிக்கைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வினாப்பட்டியல், ஒவ்வொன்றுக்கும் சாட்சியம், ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை. ஐந்தாறு வாரத்தில். மீன்வளத்துக்காக மத்ஸ்ய சம்பதா திட்டம் என்று 2020இல் ஐந்து வருடத்துக்கு 20,050 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதில் எவ்வளவு எங்கள் கடற்கரையில் இருக்கிற நீரோடிக்கும் ராஜாக்கமங்கலத்துக்கும் வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்க்க அந்தப் பிப்ரவரியில் யாருக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும்?

ஒக்கி அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். புயல் 2017 நவம்பர் 30, அறிக்கை 2018 ஏப்ரல் 4. நாலு மாதம். நடுவில் பட்ஜெட், உள்துறையின் மானியக் கோரிக்கைகள், எல்லாம் அதே கைகளில். விஷயமோ ஒரு துறைக்குள் அடங்குவதல்ல. வானிலை மையம் புவி அறிவியல் அமைச்சகத்தில் இருக்கிறது. பேரிடர் மேலாண்மை உள்துறையில். கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தில். மீன்வளம் அப்போது வேளாண் அமைச்சகத்துக்குள் இருந்தது. செயற்கைக்கோள் வழிக் கருவி என்றால் விண்வெளித் துறை. அப்புறம் தமிழ்நாடு, கேரளம், லட்சத்தீவு. ஒரே இரவைப் பற்றி இத்தனை இடங்களிலிருந்து வருகிற தாள்களில் மணிக்கணக்கு ஒத்துப் போகிறதா, யார் யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று வரிசைப்படுத்துவது சாதாரண வேலை அல்ல. மாமாவின் திருத்தங்கள் முக்கால்வாசியும் தூரத்தைப் பற்றியே இருந்தன, எந்தக் கருவி எத்தனை மைல் வரைக்கும் கேட்கும், அதற்கு அப்பால் எத்தனை நாள் இருந்தோம் என்று. அது எதுவும் எந்தத் துறையின் கோப்பிலும் இருக்காது. ஆனாலும் அந்த நாலு மாதத்தில் அப்படியொரு அறிக்கையைக் கொண்டுவந்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. மாமாவிடமும் அதைச் சொன்னேன்.

ஆய்வுக்கு ஆளே இல்லையா என்றால், நாடாளுமன்ற நூலகத்தோடு சேர்ந்து லார்டிஸ் என்று ஒரு ஆய்வு, தகவல் பிரிவு இருக்கிறது. நல்ல குறிப்புகள் தருவார்கள். ஆனால் இரண்டு அவைகளின் எழுநூற்றுச் சொச்சம் எம்.பி.க்களும் அங்கேதான் கேட்க வேண்டும். ஒரு குழுவோடு வருடக்கணக்கில் கூடவே இருந்து அந்தத் துறையைக் கரைத்துக் குடித்த நிபுணர் என்று யாரும் நிரந்தரமாக இல்லை. எம்.பி. தானே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். 2018 கணக்குப்படி உதவியாளர் செலவுக்கென்று ஒரு எம்.பி.க்கு மாதம் 40,000 ரூபாய். தொகுதி அலுவலகத்தில் மனு வாங்குகிறவருக்கும், டெல்லியில் ரயில் டிக்கெட் கோட்டாவுக்குக் கடிதம் அடிக்கிறவருக்குமே அது பற்றாது. அமெரிக்காவில் 1914இலிருந்து அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரசுக்கென்று தனி ஆய்வு நிறுவனம் இருக்கிறது, சுமார் 600 பேர் வேலை செய்கிறார்கள். பிரிட்டனில் குழுக்களுக்குத் துறை நிபுணர்கள் உண்டு, தேவைப்பட்டால் வெளியாளையும் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் யாரும் யோசிக்காமல் இல்லை. அரசியலமைப்பின் செயல்பாட்டை மறுஆய்வு செய்த வெங்கடாசலையா ஆணையம், குழுக்களுக்கு ஆய்வு உதவி தர வேண்டும் என்று 2002லேயே சொல்லிவிட்டது.

அடுத்த கட்டம், பரிந்துரைக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பது. இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் "அறிக்கை குடுத்தா மட்டும் என்ன ஆவப்போவுது" என்று மாமா மட்டுமல்ல, எல்லோருமே கேட்கிறார்கள். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில்களைப் பிரித்து ஆராய்ந்து குழு இன்னொரு அறிக்கை தரும். மக்களவைக் குழுக்களில் அது ஐந்து அத்தியாயமாக இருக்கும். முதல் அத்தியாயத்தில் குழுவின் கருத்து, அப்புறம் அரசு ஏற்றவை, பதிலைப் பார்த்துக் குழு மேலே வற்புறுத்த விரும்பாதவை, பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை. எனக்குப் படிக்கப் பிடித்தது நாலாவது. அங்கேதான் குழு, நீங்கள் சொன்ன பதில் போதாது என்று திரும்பவும் கேட்டிருக்கும்.

பிரச்சினை இரண்டாவதில். "பரிந்துரை குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு பதில் வரும். அந்த ஒற்றை வரி வந்ததும் அது ஏற்கப்பட்டவை பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். குறித்துக்கொண்டு என்ன செய்தார்கள், ஆணை போட்டார்களா, பணம் ஒதுக்கினார்களா என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்க்க, பழைய அறிக்கையையும் புதிய பதிலையும் பட்ஜெட் ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த ஒருவருக்கு மேஜையில் அடுத்த பொருளின் வினாப்பட்டியல் காத்திருக்கும். நான் சந்தோஷப்பட்டேனே இரண்டு வரி, அதற்கும் அப்படித்தான் பதில் வந்தது. குறித்துக்கொள்ளப்பட்டது. நான் அதைப் பார்த்தது ஊருக்குத் திரும்பிய பிறகு, நாகர்கோவிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனில். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

குழுக் கூட்டங்களை நேரலையில் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவு மூடியிருப்பதால்தான் ஆளுங்கட்சி எம்.பி.யும் தன் அரசின் அதிகாரியைப் பார்த்து இது தப்பு என்று சொல்ல முடிகிறது, கேமரா வந்தால் அந்த அறையும் அவை மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டியது வேறு. அறிக்கை தாக்கலானதும், துறை கொடுத்த பதில்கள் முழுவதையும் அதோடு சேர்த்து வெளியிட வேண்டும். "பணி முடிந்தது" என்று எழுதிய வரியை அந்தக் கடற்கரையில் இருக்கிறவர் படிக்க முடிய வேண்டும். தமிழிலும் வேண்டும்.

இனி நாம் செய்யக் கூடியது. குழுக்கள் பல பொருள்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விளம்பரம் போடும், பெரும்பாலும் பதினைந்து நாள் அவகாசம். யார் வேண்டுமானாலும் மனு அனுப்பலாம், தபாலிலும் மின்னஞ்சலிலும். துறையின் தாளுக்கு எதிரே வைக்க இன்னொரு தாள் வேண்டும் என்று சொன்னேனே, அதை நாமே எழுதி அனுப்ப முடிகிற ஒரே வழி இது. ஆனால் படிக்கிறவரின் நிலையை நினைத்து எழுத வேண்டும். வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்கு 97 லட்சத்துக்கும் மேல் மனுக்கள் வந்ததாக அரசே அவையில் சொன்னது. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, இரண்டே பக்கத்தில், நமக்கு மட்டும் தெரிந்ததை, தேதியோடும் அளவோடும் எழுதி ஒருவர் அனுப்பினால் அது செயலகத்தில் இருப்பவருக்கு உண்மையிலேயே உதவி.

நாங்கள் அப்படி ஒன்று அனுப்பினோம். மனுவை அனுப்பினால் அது குழுவின் ஆவணம், அறிக்கை வரும்வரை வெளியே பேசக் கூடாது. அந்த அறிக்கை தாக்கலாகிவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மாமாவும் இன்னும் நாலு பேரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரைவு ஒன்பது பக்கம் வந்தது. அதை இரண்டரைப் பக்கமாக்க மாமாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. ஒக்கியில் போனவர்களைப் பற்றி எழுதிய பக்கத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். இரண்டு வரி மட்டும் வைத்தேன். நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டோம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சாயங்காலம், எட்டு மணி தாண்டியிருக்கும், டெல்லி எண்ணிலிருந்து போன் வந்தது. குழுச் செயலகத்தில் ஒரு அதிகாரி. ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார், குரலில் களைப்பு தெரிந்தது. உங்கள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் முகத்துவாரத்தின் ஆழம் வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கியிருக்கும்போது, ஒன்றரை பாகம் என்று எழுதியிருக்கிறீர்கள், துறை மீட்டரில் கொடுத்திருக்கிறது, ஒரு பாகம் என்பது எத்தனை மீட்டர், ஆறு அடி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம், நாளைக்கு வரைவு போக வேண்டும் என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் கேட்டேன். மாமா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, "பாகம்னா இவ்வளவுதான்" என்றார். கயிற்றில் ஈயத்தைக் கட்டி இறக்கி, ஏற்றும்போது கை விரித்து அளப்பது, அவர் அளந்ததும் அப்படித்தான். டெல்லியில் இருக்கிறவருக்கு அதை எப்படிச் சொல்வது? பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். அத்தை தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். மாமா சுவரோடு முதுகை ஒட்டி, கையை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நுனியை அத்தை பிடிக்க, மறு நுனியை நான் பிடித்தேன். ஐந்தடி எட்டு அங்குலம். ஒன்றரை பாகம் 2.6 மீட்டர் வந்தது. எப்படி அளந்தோம், யார் கையால் அளந்தோம் என்பதையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதே காலுக்குப் பதில் வந்தது, அதை மாமாவுக்கு வாசித்தேன்: கிடைத்தது, நன்றி, வற்றம் என்று குறிப்பிட்டது எந்த மாதத்து வற்றம்?

மாமா மறுபடியும் தட்டை வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.